தன்மை ஒருமை

மூன்று சனிக்கிழமைகளாக
எதிர்வரிசைத் தூண்டில் கடையில்
தேவையில்லாத முட்களை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.
ஔலு ஆற்று மீன் அத்தனையும்
ஒரே நாளில் வாய் திறந்தாலும்
என் வீட்டில் பற்றாக்குறை வராது.

அங்கிருந்து பார்த்தால் தெரியும்:
கண்ணாடிக்குப் பின்னால்
தலையில்லாத பொம்மை ஒன்று
கரும்பச்சை ஸ்கர்ட்டில் நிற்கிறது.
கம்பளி. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே.
ஓரத்தில் நாலு பொத்தான்.
தலையில்லாதது ஒரு வசதி,
யார் தலையையும் வைத்துப் பார்க்கலாம்.

நவம்பர். பிற்பகல் மூன்றுக்கே இருட்டு.
இருட்டு எனக்குப் பழக்கம்.
இருபத்தாறு குளிர்காலமாக
ஊர் விழிக்குமுன்
தெருக்களைப் பனியிலிருந்து வழித்தெடுப்பவன்.
இருபது டன் வண்டி
ஐஸ்மேல் பக்கவாட்டில் சறுக்கியபோதும்
கை நடுங்காமல் பிடித்தவன்.
இந்தக் கடைக் கதவின் கைப்பிடி
என் கியர்க் குமிழைவிடச் சின்னது.
குழந்தை தள்ளினாலும் திறக்கும்.

நாலாவது சனி.
"முள் தீர்ந்துபோச்சு, என்சியோ,"
என்றான் தூண்டில் கடைக்காரன்.
பொய்யாக இருக்கலாம்.
அவனுக்கே அலுத்திருக்கலாம்.
சாலையைக் கடந்தேன்.

கதவுமணி ஊருக்கே கேட்டதுபோலிருந்தது.
டீசல் வாசம் என்னோடு உள்ளே வந்தது.
கையுறையைக் கழற்றவா வேண்டாமா என்பதிலேயே
கொஞ்ச நேரம் போனது.
ஹில்க்கா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்
ஹாங்கர் அடுக்குவதை நிறுத்தவில்லை.
"ஜன்னலில் இருக்கிற பச்சை," என்றேன்,
"ஒருத்தருக்கு."

எங்கள் மொழியில் ஒரு சௌகரியம்:
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ஹேன்.
எனக்காகவே யாரோ
முன்கூட்டி நெய்துவைத்த போர்வை மாதிரி.
அதற்குள் உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னேன்.
ஹேன் உயரமா? உயரம்.
இடுப்பு? அளந்ததில்லை.
(நேற்று இரவும் அளந்தேன்,
மீன் அளக்கும் நாடாவால். நூற்றிரண்டு.)
பரிசா? ம்.

துணியை விரலால் நீவியபடி அவள் சொன்னாள்:
"கம்பளி பாருங்கள்.
ரொம்ப நேரம் உட்கார்ந்தால்
பின்பக்கம் மினுங்க ஆரம்பிக்கும்.
ஹேன் உட்கார்ந்து பார்க்கிற வேலையா?"

"விடிகாலை மூன்றிலிருந்து பதினொன்று வரை
உட்கார்ந்தேதான் ஓட்டுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான்
வினைமுற்றின் வால் காதில் விழுந்தது.
ஹேன் கழன்று
ஏன் மட்டும் நின்றது.

வெளியே பேருந்து ஒன்று
சேற்றுப்பனியை வாரி இறைத்துப் போனது.
பின்கழுத்தில் வியர்வை.
கதவு ஆறடி தூரம்.
ஓடியிருப்பேன்.
பூட்ஸ் ஈரம், தரை வழவழ.

ஹில்க்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.
இடுப்பைப் பார்த்தாள்,
தச்சன் பலகையைப் பார்ப்பதுபோல.
"அப்படியென்றால் உள்துணி வைத்தது வேண்டும்.
பச்சையில் ஐம்பது இல்லை.
நீலத்தில் இருக்கிறது.
போட்டுப் பார்க்கும் அறை வலப்பக்கம்.
கொக்கி முரண்டு பிடிக்கும்,
கொஞ்சம் தூக்கி மாட்டுங்கள்."

நீலம்.
மூன்று வாரம் பச்சையைக் கனவு கண்டவனுக்கு
நீலம்.
கோபம்கூட வந்தது.
அதைச் சுமந்துகொண்டு
நேராகத்தான் நடந்தேன்.

அறைக்குள் வெள்ளை விளக்கு
எதையும் மன்னிக்கவில்லை:
கால் ரோமம், உள்காற்சட்டைப் பட்டையின் தடம்,
சாக்ஸ் ஓட்டையில் எட்டிப்பார்க்கும் பெருவிரல்.
ஜிப் இடப்பக்கம் இருப்பது தெரியாமல்
முதுகில் தேடிக்கொண்டிருந்தேன்.
மூச்சை இழுத்தேன். ஏறியது.

முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்,
வண்டியில் உட்காருவதுபோல.
வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.
மடிப்பு விரிந்து
முழங்காலுக்கு இடம் கொடுத்தது.
இடது காலால் கிளட்ச்.
அதற்கும் கொடுத்தது.

"சரியா இருக்கா?" கதவுக்கு அப்பால்.

"தெரியலை.
நீங்களே பாருங்கள்."

கொக்கி முரண்டு பிடித்தது.
மூன்றாம் முறை
கொஞ்சம் தூக்கினேன்.